மூன்றாம் பொட்டலம்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். கத்திரி முடிந்து விட்டது என்று வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல.

மானம் போன கதையை முதலில் எழுதி விடுகிறேன். இடுப்பில் துண்டு, மூஞ்சியில் பாதி நுரை. பிளேடு தேடிக் கூடத்துக்கு வந்தேன். கயல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் ஏதோ பேசிக் கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நடந்து போய், அலமாரியைத் திறந்து, பிளேடு எடுத்து, ஒரு தும்மல் தும்மி, திரும்பவும் நடந்து வந்தேன். நிதானமாக. லேப்டாப்பில் ஒரு பெண்மணியின் முகம் என்னையே பார்த்துக் கொண்டிருந்ததை நிலைப்படி தாண்டும்போதுதான் கவனித்தேன்.

"யாரது?" அந்த அம்மா தமிழில் கேட்டார்.

"எங்க புரொடக்ஷன் இன்சார்ஜ் மேடம்" என்றாள் நான் பெற்ற மகள்.

இருபத்தெட்டு வருஷம் பீங்கான் சூளைக்குத் தீ போட்டும் கிடைக்காத பதவி உயர்வு. துண்டோடு கிடைத்தது.

பேசி முடித்து விட்டு வந்து தலையில் கை வைத்துக் கொண்டாள். "வூட்டுலயே வச்சு நடத்தறேன்னு தெரிஞ்சா ஆர்டர் குடுக்க மாட்டாங்கப்பா. அதான் அப்படிச் சொன்னேன். இனிமே சட்டை போட்டுக்கிட்டு நடங்க."

அந்த அம்மா சென்னைத் துணிக் கம்பெனியின் தர அதிகாரி. துணிக்குச் சாயம் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். கயல் முந்திரிப் பருப்பின் சிவப்புத் தோலை வேக வைத்து, சாறெடுத்து, சுண்டக் காய்ச்சிப் பொடியாக்குகிறாள். பழுப்புச் சாயம். மருந்துக் கம்பெனி வேலையைத் தை மாசம் விட்டு விட்டு இதில் இறங்கினாள். இவர்களுக்குப் பிடித்து விட்டால் மாசா மாசம் ஆர்டர். மற்ற சோதனை எல்லாம் முடிந்து, பாக்கி ஒன்றே ஒன்று.

"ஆக்சிடைசிங் தன்மை இருக்கா இல்லையான்னு லேப் ரிப்போர்ட் வேணுமாம்ப்பா. இந்த மாசக் கடைசிக்குள்ள. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறாங்களாம்."

"இதுக்கு எதுக்கு லேப்பு? என்னைக் கேளு. சூளையில காத்து நெறைய வுட்டா ஆக்சிடேஷன். பீங்கான் மேல பூசற கிளேஸுல தாமிரம் போட்டிருந்தா பச்சையா வரும். காத்த அடைச்சா செவப்பு. ஒந்தூள ஒரு பிடி குடு, நாளைக்கே பாத்துச் சொல்லிடறேன்."

"அது வேறப்பா. இது, பக்கத்துல இருக்கறத பத்திக்க வைக்கிற கொணம். ஆக்சிஜன எடுத்துக் குடுத்து, சும்மா பொகையறதக் கூட கொழுந்து வுட்டு எரிய வைக்கும்."

"ஒங்க சின்ன அத்தை மாதிரி."

அடுப்படியில் மலர் சிரித்தது இங்கே கேட்டது. என் தங்கையைப் பற்றிக் கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி வந்ததை இன்றுதான் ஒப்புக் கொண்டிருக்கிறேன்.

நம் தூளுக்கு அந்தக் குணம் சுத்தமாகக் கிடையாது, நேர் எதிர்க் குணம்தான் என்கிறாள் கயல். ஆனால் வாயால் சொன்னால் போதாது. எரித்துப் பார்த்த தாள் வேண்டும்.

ஜூன் 4, புதன்

எனக்கு வார விடுமுறை. கயலுக்கு உதவி. அவளுடன் வேலை செய்யும் இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள்.

தோல் இரண்டு மூட்டை. புடைத்து, தூசு தட்டி.
கொதி: காலை ஏழு முதல் பதினொன்று.
வடிகட்டல்: மூன்று தரம். மூன்றாவதற்கு வெள்ளை வேட்டித் துணி. என்னுடையது. யாரும் கேட்கவில்லை.
சுண்டக் காய்ச்சல்: வெல்லப் பாகு பதம் வரும் வரை.
என் கை: முழங்கை வரை காவி.

கயல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறாள். எத்தனை மணிக்குக் கொதித்தது, யார் கிளறியது, எந்தத் தட்டு. "மூக்கைச் சொறிஞ்சதையும் எழுதிக்க" என்றேன். "சொறிஞ்சீங்களா? எந்தக் கையால?" என்று பேனாவைத் திறந்தாள். அந்தப் பெண்கள் இருவருக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறி விட்டது.

பாகு தயார். நாளை மூன்று தட்டில் ஊற்றிக் காய வைக்க வேண்டும். தட்டுக்கு ஒரு பொட்டலம், மொத்தம் மூன்று. அதுதான் லேப்புக்குப் போகும். சப்ளைக்கு வேண்டியது தனியாக ஒரு டிரம்மில் சேர்ந்து கொண்டு வருகிறது.

ஜூன் 5, வியாழன்

வானம் மூடிக் கிடக்கிறது. தூறல். வெயில் வேண்டாத நாளெல்லாம் அடித்து விட்டு, வேண்டிய அன்று இல்லை.

காய வைக்கும் பெட்டியில் ஹீட்டர் கம்பி அறுந்து விட்டது. கயல் தோல் பார்க்க நல்லூர் பக்கம் போயிருந்தாள். போனில் சொன்னேன், "கவலைப்படாத கண்ணு, சூளை இருக்குது."

எங்கள் பீங்கான் யூனிட்டில் சூளை மேல்தளம் பொதுச் சொத்து. எப்போதும் இளஞ்சூடு. மழை வந்தால் அங்கே வடகம் காயும், மிளகாய் காயும், பிள்ளைகளின் ஸ்கூல் யூனிபாரம் காயும். போன ஐப்பசியில் ஒரு கல்யாணப் பட்டுப்புடவையே காய்ந்தது. முதலாளி வீட்டுப் புடவை என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"நம்ம தட்டுலயே வைங்கப்பா" என்றாள்.

"சரி சரி."

இரண்டு தட்டு டி.வி.எஸ்.ஸில் நின்றது. மூன்றாவது நிற்கவில்லை. அதற்குரிய பாகைத் தூக்குவாளியில் ஊற்றி எடுத்துப் போனேன். யூனிட்டில் கிளேஸ் பிரிவு ஓரமாக ஒரு ஸ்டீல் தட்டு சாய்ந்திருந்தது. அடியில் வெள்ளையாக ஒரு படலம், அப்பளக் கனம் இருக்கும். நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. சரி, காய்ந்த களிமண். இந்த ஊரில் வெள்ளை படியாத பொருள் எது? என் தலையே பாதி. தண்ணீர் பட்டால் பாகு நீர்த்துப் போகும் என்று கழுவாமல், காய்ந்த துணியால் மேலாகத் துடைத்து, ஊற்றி, மேலே ஏற்றி விட்டேன்.

மதியத்துக்குள் மூன்றும் மொறமொறவென்று. மூன்றாவதில் மட்டும் ஊசி ஊசியாக ஒரு மினுமினுப்பு. நல்ல சூடு பட்டதன் லட்சணம் என்று எனக்கு நானே பாராட்டுச் சொல்லிக் கொண்டேன்.

சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் ஃபியூஸ் கட்டை இருநூறில் நாலுதான் வெடிப்பு. நல்ல நாள்.

ஜூன் 6, வெள்ளி

மூன்று பொட்டலம் கட்டியாயிற்று. நோட்டில் 'தட்டு' என்று ஒரு கட்டம். அவளே 1, 2, 3 என்று நிரப்பினாள். நான் எதிரில் டீ குடித்துக் கொண்டிருந்தேன்.

லேப் படிவத்தில் புரொடக்ஷன் இன்சார்ஜ் கையெழுத்து. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்குப் பிறகு இவ்வளவு அழகாக நான் கையெழுத்துப் போட்டதில்லை. பழைய காலண்டர் தாளில் நாலு தரம் பழகிப் பார்த்தேன். மலர் பார்த்து விட்டாள். "கலெக்டர் வந்துட்டாரு, காபி போடவா?"

பொட்டலங்கள் பார்சலில் போயின.

ஜூன் 11, புதன்

மழை இல்லை, வெயிலும் இல்லை. மலருக்கு முழங்கால் வலி. தைலம் வாங்க மறந்தேன், திட்டு வாங்க மறக்கவில்லை.

டீக்கடையில் ஏழுமலையிடம் சொன்னேன், "எம் பொண்ணு சரக்கு அடுத்த மாசம் கப்பல் ஏறுது." யூனிட்டில் கிளேஸ் போடுவது அவன்தான்.

"நீ ஏறலியாண்ணா?"

"நான் இன்சார்ஜிடா. கரையில நின்னு கைய ஆட்டறதுதான் என் வேலை."

ஜூன் 16, திங்கள்

காலை எட்டரைக்கு லேப்பிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள். நான் ஷிப்டுக்குக் கிளம்பி செருப்பு மாட்டிக் கொண்டிருந்தேன்.

"ஒண்ணு, ரெண்டு நல்லா இருக்குதும்மா. லேசா புகையுது, அணைஞ்சிடுது. மூணாவதுதான் சீறுது. என்ன கலந்தீங்க?"

"ஒண்ணும் கலக்கல சார். மூணும் ஒரே கொதி."

"அப்ப உங்க கொதியிலயே ஏதோ இருக்குது. ஒரே சரக்கு ரெண்டு விதமா நடந்தா கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான். தீப்பிடிக்கிற சாமான்னு முத்திரை குத்தி அனுப்ப வேண்டி வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

கயல் போனை வைத்து விட்டு, போனையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். "போயிட்டு வரேன்" என்றேன். கேட்கவில்லை.

வண்டியில் போகும்போது அந்த எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டு போனேன். மூன்று. மூன்றாவது.

யூனிட்டில் அந்தத் தட்டு அதே இடத்தில் சாய்ந்திருந்தது.

"ஏழுமல, இந்தத் தட்டுல என்னாடா வப்ப?"

"வெடியுப்புண்ணா. கிளேஸுக்குக் கண்ணாடி உருக்கறப்ப சேக்கறோமே, அது. ஈரமா வந்துச்சுன்னா இதுல கொட்டிக் காய வப்பேன். அடியில கல்லு மாதிரி பிடிச்சுக்கும், சொரண்டவே முடியாது. பத்து நாளு முன்ன எவரோ புண்ணியவான் பளபளன்னு ஆக்கி வச்சிருக்காருண்ணா. யாருன்னே தெரியல."

நான் தலையாட்டினேன். புண்ணியவான்.

உப்பு தண்ணீரில் கரையும். பாகில் தண்ணீர். அடியிலிருந்த அப்பளம் முழுக்கக் கரைந்து கயலின் சாற்றுக்குள் ஏறி, ஊசி ஊசியாக மினுக்கியிருக்கிறது. பட்டாசுக்குப் போடுகிற உப்பு. வேறு எதை வேண்டுமானாலும் பற்ற வைக்கும்.

இருந்தும் மனசு கேட்கவில்லை. தட்டின் விளிம்பு மடிப்பில் கொஞ்சம் ஒட்டியிருந்ததை ஆணியால் நெம்பி எடுத்தேன். டீக்கடைக் கரியடுப்பில், கடைக்காரர் பாலுக்குத் திரும்பிய நேரம், கனிந்த கரி மேல் போட்டேன். சீறிக் கொண்டு ஊதா நிறத்தில் எழுந்தது. "யாருய்யா அது?" என்று கத்தினார். சூளைக்காரனுக்கு நெருப்பின் நிறம் தெரியும். அதற்கு மேல் லேப் வேண்டியதில்லை.

மாலை வீட்டுக்கு வந்தேன். கயல் அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். நோட்டில் சிவப்பு மையில் வட்டம் வட்டமாக. "வடிகட்டற துணியில சோப்பு இருந்திருக்குமாம்மா?" என்று மலரைக் கேட்டுக் கொண்டிருந்தாள். என் வேட்டி மேல் சந்தேகம். என் மேல் இல்லை.

மூன்று தோசை சாப்பிட்டேன். சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணங்கள்:
அ) நேரம் சரியில்லை.
ஆ) காலையில் தெளிவாக இருப்பாள், அப்போது சொல்லலாம்.
இ) பயம்.

அ, ஆ இரண்டும் எழுதும்போது தோன்றியவை.

ஜூன் 17, செவ்வாய்

முதல் ஷிப்டு. ஐந்தரைக்குக் கிளம்பும்போது கயல் தூங்கிக் கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம், சாயங்காலம் பேசிக் கொள்ளலாம் என்று போனேன். நல்ல சாக்கு.

மூன்று மணிக்குத் திரும்பினால் தெருவில் திரும்பும்போதே புளித்த வாடை. பின்பக்க ஷெட்டில் டிரம் கவிழ்ந்திருக்கிறது. சாக்கடை முழுக்கப் பழுப்பு. பக்கத்து வீட்டு வாசல் வரை ஓடியிருக்கிறது. சப்ளைக்குச் சேர்த்து வைத்த பாகு. பன்னிரண்டு நாள் வேலை. வேலைக்கு வந்த இரண்டு பெண்களும் மதியமே வீட்டுக்குப் போய் விட்டார்கள்.

"என்ன கண்ணு இது?"

"எங்க தப்புன்னு தெரியலப்பா. தெரியாத சரக்க எப்படிக் குடுக்கறது? யாராச்சும் குடோன்ல வச்சு, அது பத்திக்கிச்சுன்னா?" அழவில்லை. துடைப்பத்தால் தரையைத் தள்ளிக் கொண்டே பேசினாள். "பெரிய படிப்புப் படிச்சேன்னு வேலைய வேற வுட்டேன்."

அந்த டிரம்மில் ஒரு குற்றமும் கிடையாது.

துடைப்பத்தை அவளிடமிருந்து வாங்கிக் கொண்டேன். அதுதான் முடிந்தது. மலர் அடுப்படியிலிருந்து, "நேத்துலேருந்து ஒரு வாய் சரியா திங்கல. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள்.

நேற்றுச் சொல்லியிருந்தால் டிரம் இருந்திருக்கும். இன்று சொன்னால் டிரம்மையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளுக்கு நாள் மூட்டை கனக்கிறது. சுமக்கிறவன் மட்டும் அதே ஆள்.

பக்கத்து வீட்டு அம்மா, "என்னா, தெருவெல்லாம் டீ ஊத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சிரிக்க முடியவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஜூன் 18, புதன்

விடுமுறை. காலை ஆறு மணி, குளிர்ந்த காற்று. நான் பல்தேய்த்துக் கொண்டிருந்தேன். கயல் லேப்டாப்பில் தட்டிக் கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"மேடத்துக்கு. எங்களால முடியல, வேற ஆள் பாத்துக்குங்கன்னு."

வாயில் பேஸ்ட். துப்பவும் இல்லை, முழுங்கவும் இல்லை. "அனுப்பாத" என்றேன். நுரை சட்டையெல்லாம்.

"என்னப்பா?"

"மூணாவது தட்டு நம்ம தட்டு இல்ல."

எல்லாம் சொன்னேன். டி.வி.எஸ்., தூக்குவாளி, அப்பளம், ஏழுமலை, வெடியுப்பு. ஒன்று விடாமல். கிட்டத்தட்ட.

அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு, "எப்பப்பா ஞாபகம் வந்துச்சு?"

"இப்பத்தான். பல்லு வெளக்கறப்ப." பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டினேன், சாட்சிக்கு.

சிரித்தாள். சிரித்துக் கொண்டே அழுதாள். அழுது கொண்டே என் தோளில் நாலு குத்து. "ப்பா! டிரம்மு முழுக்க ஊத்திட்டேம்ப்பா! ஒரு நாள் முன்ன வந்திருக்கக் கூடாதா அந்த ஞாபகம்?"

"வயசாவுது இல்ல?" என்றேன்.

மலர் கரண்டியோடு வந்து நின்றாள். "தட்டுல ஊத்தச் சொன்னா தட்டப் பாத்து ஊத்த மாட்டாரு. பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான், பக்கத்து வூட்டுக்குள்ள பூந்தாரு." அது உண்மை. மூன்று பேரும் சிரித்தோம்.

பத்து மணிக்குக் கயலை யூனிட்டுக்கு அழைத்துப் போனேன். ஏழுமலை மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுத்தான். டிரம்மில் சேராமல் பாத்திரத்தில் மிச்சமிருந்த நல்ல பாகில் கலந்து காய வைத்தாள். சாயங்காலம் கொளுத்தினாள். சீறியது. நல்ல பாகு மட்டும் தனியாக வைத்தாள். புகைந்து அணைந்தது. நோட்டில் எழுதிக் கொண்டாள்.

பிறகு சட்டென்று, "சூளை மேலயே பத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றாள். கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறோம். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. இப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ராத்திரிக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

ஜூன் 19, வியாழன்

லேப் சாருக்குக் கயல் போன். நடந்ததைச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர். "அப்ப மூணாவத வுட்டுடுங்கம்மா. ஒண்ணு, ரெண்டுக்கு மட்டும் ரிப்போர்ட் தரேன். வேலை முடிஞ்சுது."

அறிவாளி என்று நினைத்தேன். கயல், "வேணாம் சார். நடந்தத மேடத்துக்கு எழுதிடறேன். புதுசா காய்ச்சி, நேர்ல கொண்டாந்து தரேன். மொதல்லேருந்து பாருங்க" என்றாள்.

"ஏன் கண்ணு? அவரே சொல்றாரு இல்ல?"

"நீங்க சூளையில வெடிச்ச பீங்கான் பொம்மைய ஒட்டி வித்திருக்கீங்களாப்பா?"

"ரெண்டு தரம்."

"ப்பா!"

"சரி, மூணு. பழைய கம்பெனியில."

மேடத்துக்கு இரண்டு பக்கம் எழுதினாள். கழுவப்படாத வேறு தட்டு, வெடியுப்பு, யாரும் சரிபார்க்கவில்லை, இனி இப்படி நடக்காது. யார் என்ற இடத்தில் 'புரொடக்ஷன் இன்சார்ஜ்' என்று மட்டும். கீழே அதே இன்சார்ஜின் கையெழுத்து. இந்தத் தரம் பழகிப் பார்க்கவில்லை.

ஷெட் சுவரில் எழுதி ஒட்டியது (என் கையெழுத்து, அவள் சொல்லச் சொல்ல):
தட்டுக்கு எண் வெட்ட வேண்டும்.
எண் இல்லாத தட்டு ஷெட்டுக்குள் வரக் கூடாது.
கழுவாமல் ஊற்றக் கூடாது.
சூளை மேல் வடகம் மட்டும்.
சந்தேகம் வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

கடைசி வரி எழுதும்போது மார்க்கர் தீர்ந்து விட்டது. வேறு வாங்கி வந்து எழுதினேன்.

ஜூன் 24, செவ்வாய்

சென்னை. விடிகாலை பஸ்ஸு. மடியில் மூன்று புதுப் பொட்டலம், பேரப் பிள்ளையை வைத்துக் கொண்டிருக்கிற மாதிரி. உளுந்தூர்பேட்டையில் கயல் தூங்கி விட்டாள். நான் தூங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர், "சாமிப் பிரசாதமா?" என்று கேட்டார். "முந்திரித் தோலு" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டார்.

லேப்பில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள். நம் தூளையும் வெள்ளையாக ஒரு நார்த்தூளையும் கலந்து, சின்னக் கூம்பாகக் குவிக்கிறார்கள். அடியில் ஒரு கம்பி. கரண்ட் விட்டால் கம்பி பழுக்கும். எரிந்து முடிய எத்தனை நேரம் என்று கடிகாரம் வைத்துப் பார்க்கிறார்கள். கடைசல் வேலை மாதிரி பொறுமை.

முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பற்ற வைக்கும் என்று தெரிந்த ஓர் உப்பை அந்த நார்த்தூளோடு கலந்து கொளுத்தினார்கள். குபீர். நம் மூன்றாம் பொட்டலம் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைத்து ஓரடி பின்னால் வந்தேன்.

அப்புறம் நம்முடையது. கம்பி சிவந்தது. எத்தனையோ வருஷமாகச் சூளை முன்னால் பற்றிக்கோ பற்றிக்கோ என்று நின்றவன் நான். இன்று கண்ணாடியில் மூக்கு ஒட்ட, பற்றாதே, பற்றாதே. கூம்பின் அடியில் கறுப்பு வளையம். கொஞ்சம் புகை. வளையம் அரை அங்குலம் மேலே ஏறியது. நின்றது. புகை மெலிந்தது. அவ்வளவுதான்.

மறுபடி கலந்து, மறுபடி. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஐந்து தரம். எல்லாவற்றிலும் அதேதான். எனக்குத் தெரிந்து இவ்வளவு அழகாக எரியாமல் போன நெருப்பைப் பார்த்ததில்லை.

லேப் சார் வெளியே வந்து கையைத் துடைத்துக் கொண்டார். "நல்லா இருக்குதுங்க. தாள் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடும்." என்னைப் பார்த்து, "நீங்கதானா அந்தத் தட்டு?" என்றார்.

"நானேதாங்க."

"உங்க கதைய இங்க புதுசா சேர்றவங்களுக்குச் சொல்லலாம்னு இருக்கேன்."

லேப்பில் என் பெயர் பாடமாகப் போகிறது. பத்தாவதில் தமிழ் அய்யா, உனக்கும் பாடத்துக்கும் ஒட்டவே ஒட்டாது என்றிருந்தார்.

திரும்பும்போது வழியில் பரோட்டா. கயல் நாலு. நான் எண்ணவில்லை, கடைக்காரர்தான் எண்ணினார்.

ஜூன் 27, வெள்ளி

நல்ல மழை பெய்து விட்டது. தெரு கழுவி விட்ட மாதிரி.

தாள் பத்து மணிக்கு வந்தது. ஆக்சிடைசிங் தன்மை: இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு மலர் கேசரி கிளற ஆரம்பித்து விட்டாள்.

பதினொன்றுக்கு மேடம் லேப்டாப்பில் வந்தார். நான் சட்டை போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, படத்தில் விழாத மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மேடம் தாளைப் படித்தேன் என்றார். கடிதத்தையும் படித்தேன் என்றார். ஜூலை முதல் வாரம் முதல் சரக்கு அனுப்பலாம் என்றார். கயலின் காது மடல் சிவந்தது, சின்ன வயதில் பரிசு வாங்கும்போது சிவந்த மாதிரி.

பிறகு மேடம், "ஒண்ணு கேக்கணும். தட்டு மாத்தி ஊத்தினாரே ஒருத்தர், அவரை இன்னும் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கோம் மேடம்."

"யோசிங்கம்மா. இந்த மாதிரி ஆளுங்களாலதான் எங்களுக்குப் பிரச்சினை வருது. வேற ஆள் போட்டுக்கலாமே."

நான் எழுந்திருக்கப் போனேன். நான்தாங்க அது, துண்டோட பாத்தீங்களே, அதே ஆள் என்று சொல்லி விடலாம் என்று. கயல் மேசைக்குக் கீழே கையை நீட்டி, உட்காருங்க என்று காட்டினாள்.

"மாத்த மாட்டேன் மேடம்" என்றாள். குரல் உயரவில்லை. "தட்டு மாறிப் போனது யாருக்கு வேணா நடக்கலாம். அவர் சொல்லலன்னா எங்களுக்குக் காரணமே தெரிஞ்சிருக்காது, நான் இந்த ஆர்டரையே வுட்டிருப்பேன். தப்பு தன்னோடதுன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே வந்து சொன்னாரு. வாயில பேஸ்ட்டோட. அந்த மாதிரி ஒருத்தர நான் எங்க போய்த் தேடறது?"

மேடம் சிரித்து விட்டார். "சரி, வச்சுக்கோங்க. உங்க மாதிரி பேச எங்க ஆபீஸ்ல யாருமில்ல."

லேப்டாப்பை மூடி விட்டுக் கயல் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. மலர் கேசரித் தட்டோடு நிலைப்படியில் நின்று கேட்டிருக்கிறாள் போல, அவளும் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷம்.

"என்னப்பா, ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?"

நாக்கு நுனி வரை வந்தது. கேசரியை எடுத்து வாயில் போட்டுக் கொண்டு, நல்லாருக்குது என்று தலையாட்டினேன்.

அந்த நிமிஷமே இல்லை, கண்ணு. அதற்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரியும். டிரம் அப்போது நிறைய இருந்தது.